மயில்மீன் பயணத்தைக் கைவிடுவது குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நம் பிள்ளைகள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தி அம்மாளின் சர்க்கரையும் ஓர் அளவோடு நிற்கும் என்று நம்புகிறேன். கல்யாணத்தன்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதில்லை என்பதை நான் மறக்கவில்லை. கடிதம் படிப்பது பேச்சில் சேராது என்பதால் இதைத் தயங்காமல் படிக்கலாம். பதில் போடவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் நீங்கள் இங்கே வந்ததும் நம் இருவரையும் ஒரே படகில் ஏற்றி ஆழ்கடலுக்கு அனுப்புவதென்று பிள்ளைகள் முடிவு செய்திருப்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். மூக்கு ஈட்டியாக நீண்டு, முதுகில் தோகை விரித்த மயில்மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடிக்கவேண்டும் என்பது உங்கள் நெடுநாள் ஆசை என்றும், பூகோள வாத்தியாராக இருந்த காலத்தில் வகுப்பறையில் உலகப்படத்துக்குப் பக்கத்திலேயே அந்த மீனின் படத்தையும் மாட்டி வைத்திருந்தீர்கள் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்தில் விரல் நீளக் கெண்டையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் மாப்பிள்ளை சொன்னார். நல்ல ஆசைதான். இதில் நான் எதற்கு என்று பெண்ணிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "வீட்ல உக்கார வச்சா ஒருத்தர் வந்ததும் இன்னொருத்தர் எழுந்து போயிடறீங்க. படகுலேர்ந்து எங்க எழுந்து போவீங்கப்பா?" என்றாள். இந்த மூளையை வளர்த்தெடுத்த குற்றம் என்னுடையது.

பிள்ளைகள் வீட்டுக்கு நாங்கள் முன்கூட்டியே வந்துவிட்டதால் படகு பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் ஒரு வாகனத்தைப் பார்த்துச் சொல் என்றால் அவன் எப்படிப் பார்ப்பான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கல்யாண மண்டபத்து லிஃப்ட்டில் ஏறும்போதே சத்தம் சரியில்லை என்று எனக்குப் பட்டது. மேலே போய்ப் பார்த்தேன், கயிற்றில் பிரி விட்டிருந்தது, மெயினை அணைத்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் இருந்தீர்கள். உங்கள் மகன் கல்யாணம் கீழே நடந்து முடியும்வரை லிஃப்ட்டுக்குள்ளேயே இருந்தீர்கள். அந்தக் கயிறு சரியில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். கல்யாணப் படங்களில் என் சட்டையில் கறை இருப்பதைக் காட்டி, பெண்ணோட அப்பா பந்தியிலேயே கிடந்தார் என்று உங்கள் பக்கத்தில் யாரோ சொன்னதாகவும் காதில் விழுந்தது. இருக்கட்டும்.

படகு விஷயம் முதல் நாளே கோணலாகிவிட்டது. படகுத்துறையில் இந்த மீனுக்கென்றே படகு விடும் ஓர் அம்மாள் இருக்கிறார். எல்லோரும் கேப்டனம்மா என்கிறார்கள். முதல்முறை பார்க்கப் போகிறோம், வெறுங்கையை வீசிக்கொண்டா போவது என்று என் மனைவி சொன்னாள். நியாயமாகப் பட்டது. நானே கடையில் பொறுக்கி எடுத்து, கனிந்தும் கனியாமலும் நல்ல சீப்பாக வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கேப்டனம்மா என் முகத்தையே பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "அதோட படகுல கால் வைக்காதீங்க" என்றார். பெரிய மீன் பிடிக்கிறவர்களுக்கு வாழைப்பழம் ஆகாதாம். படகில் ஏறினால் மீன் கடிக்காதாம், இன்ஜின் நிற்குமாம், கயிறு அறுமாம். பழத்துக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் துறையிலேயே நின்று விளக்கமாகக் கேட்டேன். கேட்கக் கேட்கப் பக்கத்துப் படகுக்காரர் ஏறுவதற்குப் போட்டிருந்த பலகையை உள்ளே இழுத்துக்கொண்டார், அதற்கும் பக்கத்துப் படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக் கொஞ்சம் தள்ளிப் போனார். கீழே வைக்கவும் விடவில்லை. கடைசியில் வாசலுக்கு வெளியே ஐஸ் ஃபேக்டரி சுவரோரம் நின்று முழுச் சீப்பையும் நானே தின்று தீர்த்தேன். காவலாளியிடம் ஒன்று நீட்டினேன், அவருடைய தம்பி படகில் வேலை செய்கிறாராம், வேண்டாம் என்றுவிட்டார். அன்றிலிருந்து துறையில் எனக்குப் பெயர் வாழைப்பழ சார். என் மனைவிக்கு இது தெரியாது, நீங்களும் சொல்லவேண்டாம்.

மறுபடி போனபோது கேப்டனம்மா என் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். போகட்டும் என்று வேலையை ஆரம்பித்தேன். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய தகடு எங்கே என்றேன். கேபினுக்குள் கையைக் காட்டினார், அதன்மேல் அவருடைய சேலை காய்ந்துகொண்டிருந்தது. உயிர்காப்புச் சட்டைகளை வெளியே எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் ஒரு விசில் தொங்குகிறது. விசில் என்று இருந்தால் அது ஊதவேண்டும் அல்லவா, ஊதிப் பார்த்தேன். மூன்றாவது விசிலுக்குத் துறைக் காவலர் ஒரு ரப்பர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், அவர் பின்னாலேயே ஆள் விழுந்துவிட்டது என்று பாதித் துறையும் வந்தது. யாரும் விழவில்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நான் மறக்க மாட்டேன்.

அதன்பிறகு அந்த நாற்காலி. படகின் பின்பக்கம் நடுவில் ஒரு பெரிய நாற்காலி, தளத்தோடு சேர்த்து முடுக்கியிருக்கிறது. மீன் மாட்டியதும் நாம் அதில் உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றிப் பட்டையைப் பூட்டிக்கொண்டு, காலை முட்டுக் கொடுத்து இழுக்கவேண்டும். உங்கள் முழங்காலுக்கு அந்த மிதிபலகை ஒத்துவருமா என்பது எனக்குத் தெரியவேண்டியிருந்தது. கேப்டனம்மாவும் அவருடைய ஆளும் ஐஸ் வாங்கப் போயிருந்த நேரத்தில் நான் உட்கார்ந்து பட்டையைப் பூட்டிப் பார்த்தேன். பூட்டு நன்றாக விழுந்தது. திறக்கத்தான் மாட்டேன் என்றது. உப்புக் காற்றில் உள்ளே துரு ஏறியிருக்கிறது. இழுத்தேன், அமுக்கினேன், இன்னும் இறுகியது. விசிலை ஊதினேன். இந்தமுறை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வாழைப்பழ சார் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று எண்ணியிருப்பார்கள். வெயில் ஏறியது. நாற்காலி தானாகச் சுழல்வதால் ஒவ்வோர் அலைக்கும் என்னைக் கொஞ்சம் கடல் பக்கமும் கொஞ்சம் கரைப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. வெயில்கூடப் பெரிதில்லை, சம்பந்தி. இத்தனை பேர் நடக்கிற துறையில் ஓர் ஆள்கூட "சார், இருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் தாங்கவில்லை. அந்த நேரத்தில் உங்களை நினைத்துக்கொண்டேன் என்று நான் எழுதப்போவதில்லை.

கேப்டனம்மா வந்து பார்த்தார், சிரிக்கவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்து வரச் சொல்லித் திறந்துவிட்டார். நான் எழுந்து நின்று, மரியாதை போகாமல் இருப்பதற்காக, பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக எவ்வளவு பெரிய பெட்டி கொண்டு வரவேண்டும் என்று கேட்டேன். "பெட்டி எதுக்கு? விட்டுடுவோம்" என்றார். எனக்குப் புரியவில்லை. மயில்மீனைப் பிடித்து, படகோரம் கொண்டுவந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்து, அது தெம்பாகும்வரை தண்ணீரிலேயே தாங்கிப் பிடித்தபடி படகை மெதுவாக ஓட்டி, பிறகு போகவிட்டுவிடுவார்களாம். அவர் படகில் அதுதான் சட்டமாம். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அதற்குள் மாடி வீட்டு ஃப்ரீசரில் பாதியைக் கேட்டு வாங்கி, எதிர்வீட்டுக்கு வால் பக்கம், மாடிக்கு நடுத்துண்டு என்று பங்கும் பிரித்துவிட்டிருந்தாள். "ரெண்டு கிழவங்க முதுகு ஒடியப் பிடிச்சு, போயிட்டு வான்னு அனுப்பிவைக்கறதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். எதிர்வீட்டு அம்மாள் இப்போது எங்களைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார்.

பயிற்சியும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை தூண்டிலை என் கையில் கொடுத்து, நரம்பு நுனியில் தண்ணீர் நிரப்பிய வாளியைக் கட்டி, பால்கனியிலிருந்து கீழே இறக்கினார். மீன் என்று நினைத்துச் சுற்றுங்கள் மாமா, இழுத்தால் விட்டுக்கொடுங்கள், தளர்ந்தால் சுற்றுங்கள் என்றார். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் மாடியில் வாளி அங்கே குடியிருக்கும் பல் டாக்டரின் துணிக்கொடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதை மறந்து நான் பலமாகச் சுற்றிவிட்டேன். வாளி கீழே போய்விட்டது, டாக்டரின் வெள்ளைக் கோட்டு மட்டும் கையை விரித்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தது. என் ஆயுளில் தூண்டிலில் நான் பிடித்தது அது ஒன்றுதான். சட்டப்படி அதையும் திருப்பி விட்டுவிட்டோம்.

ஆகவே பொறுமையாக யோசித்து எழுதுகிறேன். நாற்காலிப் பூட்டு நம்பத்தக்கதல்ல. கடலுக்கு மாடியும் இல்லை தளமும் இல்லை, நடுவில் நின்றால் இறங்கிக்கொள்ள வழி கிடையாது. மீனும் வீட்டுக்கு வராது. என்னைக் கண்டாலே மீன் ஓடிவிடும் என்று துறை முழுவதும் நம்புகிறது. அதற்கெல்லாம் மேலே, பேசாத இரண்டு பேர் நாள் முழுவதும் ஒரே படகில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்களுக்கும் சௌகரியம் இல்லை, எனக்கும் இல்லை. இந்தப் பயணத்தை அடியோடு கைவிட்டுவிடலாம் என்பது என் தீர்மானமான கருத்து. நீங்கள் வாருங்கள், பிள்ளைகளோடு இருங்கள். நீங்கள் இருக்கும் நாட்களில் நான் காலையில் வெளியே கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவேன், சாப்பாட்டையும் முன்னறையில் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கத்தையும் என் மனைவியின் அன்பையும் சொல்லவும். வயதில் நீங்கள் ஒரு வருஷம் மூத்தவர் என்று பெண் சொன்னாள், ஆகவே ஆசி சொல்லும் உரிமை எனக்கு இல்லை. நீங்கள் எல்லோரும் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, ஒட்டுவதற்குப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். அங்கே பெண் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். நீங்கள் பேசியது அவளோடுதான், என்னோடு அல்ல, ஆகவே உங்கள் விரதத்துக்குப் பங்கம் ஒன்றும் இல்லை. "லிஃப்ட்டை நிறுத்தினது சரிதாம்மா. மறுவாரமே கயிறு மாத்தினாங்களாம், விசாரிச்சேன். உள்ள நான் இருக்கேன்னு தெரிஞ்சும் உங்கப்பா கதவுகிட்ட வந்து, சம்பந்தி இருக்கீங்களான்னு ஒரு தடவை கேக்கல. அதான் மனசு விட்டுப்போச்சு. ஆனா அந்த மனுஷன் பாத்து சரின்னு சொன்ன படகுன்னாத்தான் நான் ஏறுவேன்" என்றீர்கள். நான் பசையை எடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

சம்பந்தி, அப்போது நான் மொட்டைமாடியில் மோட்டார் அறையில் இருந்தேன். பிரேக்கைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி உங்களை அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டிருந்தேன். விட்டால் பிடி நழுவும், வேறு யாரை நம்பிக் கொடுப்பது. அங்கிருந்து கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்டிருக்காது. சட்டையில் இருப்பது கிரீஸ். என் பெண் கழுத்தில் மாலை விழுந்ததை நானும் பார்க்கவில்லை.

பயணத்தைக் கைவிடவேண்டாம். உடனே துறைக்குப் போய்க் கேப்டனம்மாவிடம் சொல்லிவிட்டேன், படகு நமக்குத்தான். பூட்டைக் கழற்றிப் புதிது போட்டாயிற்று, பத்து முறை பூட்டித் திறந்தும் பார்த்துவிட்டேன். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, மீன் படகோரம் வந்து திரும்பிப் போகும்வரை, சம்பந்தி இருக்கீங்களா, சம்பந்தி இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நீங்கள் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொன்று, வரும்போது வெறுங்கையோடு வாருங்கள்.