டீச்சர் ஒரு வருடம் போகக் கூடாது என்பதற்கான காரணங்கள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், கண்ணாடிக் கடைக்காரன், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. பெண் படிக்கப் போய் விடுதியில் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் எல்லோரும் என்றால் இரண்டு பேர், அதில் ஒருவர் மிகவும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா, நான் அனுப்பிய கண்ணாடி பொருந்தியதா, அக்கா சௌக்கியமா என்றெல்லாம் விசாரிக்க ஆசைதான். தலை போகிற காரியம் ஒன்று இருப்பதால் விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கையை ஒரு வருடத்துக்கு வெளிநாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே குழந்தைகளுக்கென்று ஓர் அறிவியல் காட்சிக்கூடம் இருக்கிறதாம், அதில் வைத்திருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு சின்னக் கதை எழுதி வைக்க வேண்டுமாம், அறிவியலும் தெரிந்து, அவர்களுடைய ஜெர்மன் மொழியும் தெரிந்து, எழுதவும் தெரிந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர் வேண்டும் என்று உலகம் முழுக்கத் தேடிக் கடைசியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் விடுப்புத் தரத் தயார். விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அதன் கடைசிப் பக்கத்தில் குடும்பத்தாரில் ஒருவர் ‘சம்மதம்’ என்று கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் குடும்பத்தார் நான்தான். நீங்கள் வியாழக்கிழமைக்குள் புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் ஓர் அதட்டல் போட்டு இதை நிறுத்த வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. இந்த வீட்டில் என் மரியாதை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

ரொட்டி விவகாரத்தை உங்களிடம் அவள் சொல்லியிருக்க மாட்டாள். ஏழாம் வகுப்புக்குப் பூஞ்சை பாடம் நடத்துவதற்காக எங்கள் சமையலறை அலமாரியில் பன்னிரண்டு டப்பாக்களில் பன்னிரண்டு ரொட்டித் துண்டுகளை வைத்து, ஒன்றில் தண்ணீர் தெளித்து, ஒன்றை வெயிலில் வைத்து, ஒன்றைத் தரையில் தேய்த்து, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதி பண்ணி வைத்திருந்தாள். பத்தாம் நாள் நான் கடையிலிருந்து பசியோடு வந்து திறந்து பார்த்தால் பதினொன்றில் பச்சையும் கறுப்புமாக ரோமம் முளைத்திருக்கிறது, ஒன்று மட்டும் காய்ந்து போய் யோக்கியமாக இருக்கிறது. யோக்கியமாக இருந்ததைத் தின்றேன். பசித்தவன் வேறு எதைத் தின்பான், நீங்களே சொல்லுங்கள். உங்கள் தங்கை வந்து டப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“பன்னெண்டுல அது ஒண்ணுதாங்க முக்கியம். மத்த எல்லாத்தையும் அதோடதான் ஒப்பிட்டுப் பார்க்கணும்” என்றாள்.

“பசிச்சுது டீச்சர்” என்றேன்.

“பக்கத்துலயே பதினொண்ணு இருந்துச்சே, அதுல ஒண்ணைத் தின்னிருக்கலாமே.”

கட்டிய புருஷன் பூஞ்சை தின்றாலும் பரவாயில்லை, சோதனை நிற்கக் கூடாது. அதோடு விட்டாளா என்றால் இல்லை. நாற்பது பிள்ளைகளும் சோதனைக் குறிப்பேட்டில் ‘முடிவு கிடைக்காததற்கான காரணம்’ என்ற இடத்தில் ‘டீச்சரின் வீட்டுக்காரர் தின்றுவிட்டார்’ என்று எழுதியிருக்கிறார்கள், உங்கள் தங்கை நாற்பதுக்கும் சரி போட்டிருக்கிறாள். அதைப் படித்த தலைமையாசிரியர் அந்த வாரமே கடைக்கு வந்து, ஃப்ரேம் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, “வீட்டுல சாப்பாடெல்லாம் சரியா நடக்குதுங்களா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

ஜெர்மன் வந்த கதை இன்னும் மோசம். வண்டுகளைப் பற்றி எவரோ நூறு வருடத்துக்கு முன் எழுதிய புத்தகம் அந்த மொழியில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், ஒரு வண்டுக்காக ஒரு மொழியையே படிக்க ஆரம்பித்தாள். நாற்காலி, கதவு, குழாய், அலமாரி என்று வீட்டில் கைக்கு அகப்பட்டதிலெல்லாம் அதன் ஜெர்மன் பெயரை எழுதிச் சீட்டு ஒட்டினாள், ஒரு நாள் நான் தூங்கி எழுந்து கண்ணாடியில் பார்த்தால் என் சட்டைப் பையிலும் ஒரு சீட்டு. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குச் சிரித்தாளே தவிர அர்த்தம் சொல்லவில்லை, அன்று முழுவதும் அதோடுதான் கடையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேச்சுப் பழக்கம் வேண்டும் என்று என்னைத் திட்டுவதையும் அந்த மொழிக்கு மாற்றிக்கொண்டாள். தமிழில் திட்டிய காலத்தில் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்வேன், சண்டை ஒரு முடிவுக்கு வரும். இப்போது அவள் முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, திட்டா கொஞ்சலா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, பாதி நாள் கொஞ்சலுக்குக் கோபித்துக்கொண்டு படுக்கப் போய்விடுகிறேன்.

வீட்டோடு போயிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். கடையில் கண் பார்க்க வருகிறவர்கள் படிப்பதற்கு ஓர் எழுத்து அட்டை தொங்குமே, பார்த்திருப்பீர்கள். அந்த அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நான் இருபது வருடமாக நிற்கிறேன், எழுத்து வரிசை அத்தனையும் மனப்பாடம், திரும்பிப் பார்க்கிற வேலையே கிடையாது. காத்திருக்கிற ஜனங்கள் நாலு புது எழுத்துக் கற்றுக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில் உங்கள் தங்கை அதே அளவில் ஜெர்மன் எழுத்துகளை எழுதி அதன் மேலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் சொன்னதாகச் சொல்கிறாள். எந்த மொழியில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அன்று காலையில் தையல்காரர் வந்தார், எழுத்தைத் தப்புத் தப்பாகச் சொல்லச் சொல்ல நான் பவரை ஏற்றிக்கொண்டே போய், சோடாப் புட்டி கனத்தில் ஒன்றைப் போட்டு அனுப்பினேன். அந்தக் கண்ணாடியோடு அவர் தைத்த முதல் துணி என் கால்சட்டை, இடது கால் வலது காலைவிட நாலு விரல் குட்டை. அடுத்து வந்தவர் தபால்காரர்.

“எழுத்துக்கு மேல ரெண்டு ரெண்டு புள்ளி தெரியுது சார்” என்றார்.

கண்ணுக்குள்ளே ஏதோ கோளாறு என்று பயந்து, கடையைச் சாத்திவிட்டு நானே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். சொட்டு மருந்து விட்டு அரை நாள் உட்கார வைத்துப் பார்த்த கண் டாக்டர், “இவருக்கு ஒண்ணும் இல்லை, கூட்டிட்டு வந்தவர் வேணா உட்காருங்க, பார்க்கிறேன்” என்றார். ஜெர்மன் எழுத்தில் சிலதற்குத் தலையில் நிஜமாகவே இரண்டு புள்ளி உண்டு என்ற விவரம் சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் இதை ஒரு கதையாக எழுத ஆரம்பித்திருந்தாள்.

எழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் பத்திரிகை ஒன்றில் அவள் மாதாமாதம் அறிவியல் கதை எழுதுவது உங்களுக்குத் தெரியும், பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருப்பீர்கள். அதில் ‘கண்ணாடி மாமா’ என்று ஒருவர் வந்து எல்லாவற்றையும் தப்பாகப் புரிந்துகொண்டு அசட்டுக் கேள்வி கேட்பாரே, அது யார் என்று யோசித்தீர்களா? ராத்திரிச் சாப்பாட்டின் போது நான் வாய்தவறிக் கேட்பதெல்லாம் அடுத்த மாதம் படத்தோடு அச்சாகிறது. கடை வாசலில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி நின்று, “மாமா, நிலா நம்ம கூடவே வருதுன்னு நெஜமாவே நெனச்சீங்களா?” என்று மிகுந்த அனுதாபத்தோடு கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன், வேறு என்ன செய்வது.

இப்படிப்பட்டவளை அயல்நாட்டில் தனியாக விட்டால் அந்த நாடு என்ன ஆகும் என்று யோசியுங்கள். விண்ணப்பத்தை லென்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள், கையெழுத்துப் போடுங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூன்று நாளாக வீட்டில் தமிழில் வேறு பேசுகிறாள், அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. ஆகவே தாமதிக்காமல் வரவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனைகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் ஆறுதலும் வேண்டும்
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். வருவதற்குள் உங்கள் தங்கை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டாள். ஓரத்தில் அவள் எழுதியிருப்பதை மறைக்காமல் தருகிறேன்: ‘கவனித்தவை எல்லாம் சரி. ஆனால் கேள்வி என்ன என்று எழுதாமலே முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். பத்துக்கு நாலு.’

“கேள்வி என்னங்க?” என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். “ஒரு வருஷம் நான் யார்கிட்ட பேசுறது?” என்று வாய் கேட்டுவிட்டது.

இருபத்து நாலு வருடத்தில் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் விடை இல்லாமல் இருந்ததில்லை, தெரியாவிட்டால் எழுந்து போய்ப் புத்தகம் எடுப்பாள். இதற்கு எழுந்திருக்கவில்லை. “எனக்கும் தெரியலைங்க” என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்றும் கேட்டாள். அதை அவள் நிஜமாகவே கேட்டாள் மச்சான், அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆகவே வியாழக்கிழமை வர வேண்டாம். அதட்டலும் வேண்டாம். அடுத்த மாதம் இருபதாம் தேதி வாருங்கள், அவள் விமானம் ஏறுகிற நாள் அது, பத்து நாளாவது தங்குகிற மாதிரி துணிமணியோடு வாருங்கள். விமான நிலையம் வரைக்கும் அவளோடு போய்விடுவேன், அதில் சிரமமில்லை. அங்கிருந்து வீட்டுக்கு வரும்போதுதான் யாராவது கூட வேண்டும்.