குலுக்கல் டிரைவரும் மெமரி வேகமும்

பேருந்து மறுபடியும் உறைந்து நின்று, பிறகு தாவியது. கம்ப்யூட்டர் திரையில்தான். ஆனாலும் நாற்காலியில் இருந்த டிரைவர் 'குலுக்கல்', இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை ஓங்கி மிதித்தார்.

"கீழ் வீட்டுக்காரங்க மறுபடியும் மேல வரப்போறாங்க, என்னத்தை இடிக்கிறீங்கன்னு கேட்டுக்கிட்டு," என்றாள் மனைவி, காய்ந்த துணிகளை மடித்தபடி.

"நான் சரியாத்தான் ஓட்டுறேன். வண்டிதான் குலுக்குது."

"டிப்போவுலயும் இதைத்தானே சொன்னீங்க?"

நகரப் பேருந்து ஓட்டுநர் அவர். கொஞ்ச காலமாக அவர் எந்த வண்டியை எடுத்தாலும் அது வெட்டி வெட்டிப் போனது. கண் மருத்துவர் கண்ணில் குறை இல்லை என்றார். மெக்கானிக் வண்டியில் குறை இல்லை என்றார். அப்படியானால் குறை எங்கே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பின்சீட்டுப் பெரியவர் ஒருவரின் பல்செட் கழன்று பறந்து, முன்சீட்டு அம்மாளின் மடியில் சிரித்தபடி உட்கார்ந்தது. அன்றைக்கு அவருக்குக் 'குலுக்கல்' என்ற பெயர் வந்தது. வண்டி கையை விட்டுப் போனது. டயர் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். பரிசோதனை அதிகாரி முன்னால் மறுபடியும் ஓட்டிக் காட்டினால்தான் இனி ஸ்டியரிங்.

பழகிக்கொள்ளட்டும் என்றுதான் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் மகள் இந்தப் பேருந்து விளையாட்டை வீட்டில் போட்டுக் கொடுத்தாள். இதுவும் குலுக்கியது.

"இதுல தனியா கிராபிக்ஸ் கார்டு இல்லப்பா. படம் காட்டுறதுக்கும் மெமரியைத்தான் நம்பியிருக்கு. மெமரி மெதுவா இருந்தா ஆட்டம் இப்படித்தான் திக்கும்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"நீங்க கியர் போட்டு ரெடியா இருக்கீங்க. கண்டக்டர் டிக்கெட் குடுத்து முடிச்சு விசில் ஊதினாத்தானே வண்டி நகரும்? மெமரிதான் கண்டக்டர். இதுல இருக்கறது ஒரு தூங்குமூஞ்சி."

தூங்குமூஞ்சிக் கண்டக்டர்களோடு பாதி ஆயுளை ஓட்டியவர் என்பதால் குலுக்கலுக்கு உடனே விளங்கிவிட்டது.

மகள் வேகமான மெமரி ஒன்று வாங்கி வந்தாள். பழையதைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும். ரெண்டு பேராப் பாத்தா வேலை சுருக்கா முடியும்ல?"

முடியவில்லை. புதியது பழையதன் வேகத்துக்கு இறங்கி வந்தது. போதாததற்கு இரண்டும் ஒத்துப்போகாமல் திரை நீலமாகிச் செத்தது. பழையதை எடுத்துவிட்டு, ஒரே மாதிரி இரண்டு போட்டாள். அப்போதும் திக்கல் முழுதாகப் போகவில்லை.

"புதுசுங்களுக்குத் தங்களோட வேகமே தெரியல," என்று மகள் கம்ப்யூட்டரின் உள் அமைப்பைத் திரையில் திறந்து ஏதோ ஓர் எண்ணை மாற்றினாள். "நாமதான் சொல்லணும், உன் வேகத்துல ஓடுன்னு."

பேருந்து எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு போனது. குலுக்கல் பரவசமானார். நிறுத்தம், திருப்பம், சிக்னல் எல்லாம் கைக்கு அடங்கின. அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் முதல்முறையாகத் திரையின் மேல்விளிம்பில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பயணிகள் தெரிந்தார்கள். எல்லாரும் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார்கள். ஒரு பெண் கண்களை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.

கண்ணாடியின் ஓரத்தில் ஓட்டுநரின் முகமும் தெரிந்தது. அவன் புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன அருமையாச் செஞ்சிருக்கான் பாரு! வேர்வைகூடத் தெரியுது."

மகள் எட்டிப் பார்த்தாள். "எங்கப்பா? இந்த விளையாட்டுல ஆளுங்களுக்கு மூஞ்சியே கிடையாது. வெறும் பொம்மைங்க."

அவள் பார்த்தபோது பொம்மைகள்தான் இருந்தன, வழவழவென்று, மூக்கும் கண்ணும் இல்லாமல். அவள் அந்தப் பக்கம் போனதும் பொம்மைகளுக்கு மெல்ல முகம் திரும்ப வந்தது.

குலுக்கல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வேகத்தைக் கூட்டியதால்தானே இது வந்தது, குறைத்தால் போய்விடும் என்று கணக்குப் போட்டார். மகள் செய்ததைப் பார்த்து வைத்திருந்ததால், மறுநாள் சாயங்காலம் தானே அமைப்பைத் திறந்து பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்.

முகங்கள் போகவில்லை. திக்கல் மட்டும் திரும்பி வந்தது. படம் உறைந்து தாவும் ஒவ்வொரு முறையும் பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது: "யோவ் டிரைவர், வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

அந்த ஓட்டுநர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். அவை யாருடைய கைகள் என்று கேட்பதுபோல இருந்தது. பிறகு கண்ணாடியில் நிமிர்ந்து, நேராகக் குலுக்கலைப் பார்த்தான்.

திட்டு வாங்கும் ஓட்டுநரின் முகம் எப்படியிருக்கும் என்று குலுக்கலுக்குத் தெரியும். பயத்தையும் மீறி அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இருப்பா, இருப்பா, கூட்டி விடுறேன்," என்று திரையிடம் சொன்னார்.

"யார்கிட்டப் பேசுறீங்க?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"டிரைவர்கிட்ட."

"அது நீங்கதானே?"

பாவம் பார்த்தவர் அளவு பார்க்கவில்லை. மெமரிக்குச் சொல்லப்பட்ட வேகத்தையும் தாண்டி எண்ணை ஏற்றிவிட்டார். கம்ப்யூட்டர் கறுத்துப்போனது. எதை அழுத்தினாலும் உயிர் வரவில்லை. ஆனால் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஹாரன் மட்டும் கேட்டது. விடாமல், ஸ்டியரிங்மேல் யாரோ கவிழ்ந்து கிடப்பதுபோல.

மனைவி கரண்டியோடு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஹாரன் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் அடங்கியது. இருவரும் பிளக்கைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கீழ வீட்டுக்காரங்க வண்டியா இருக்கும்," என்றாள் மனைவி. கீழ் வீட்டில் வண்டி கிடையாது.

வேலை முடிந்து வந்த மகள் திட்டிக்கொண்டே பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்து, மெமரியை அதற்குரிய வேகத்தில் விட்டாள். "இதுக்கு மேல கை வச்சீங்கன்னா நானே உங்களை டயர் கிடங்குக்குக் கொண்டுபோய் விட்டுருவேன்."

விளையாட்டு மறுபடி வழுக்கிக்கொண்டு ஓடியது. பயணிகள் பிடியைத் தளர்த்தினார்கள். கண்மூடியிருந்த பெண் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தாள். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, எதிரே வரும் வண்டிக்காரனுக்குக் காட்டுவதுபோலச் சும்மா உயர்த்திக் காட்டினான். குலுக்கலும் தன்னையறியாமல் கையை உயர்த்தினார். அதற்குப் பிறகு அவருக்குப் பயம் இல்லை. தினமும் சாயங்காலம் அந்த மனிதனை நோகாமல் ஓட்டினார்.

பரிசோதனை நாள் வந்தது. காலிப் பேருந்து. பக்கத்து இருக்கையில் பரிசோதனை அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை, சிரிப்பில்லாத முகம். அந்த அம்மாளைப் பார்த்தாலே டிப்போவில் பாதிப் பேருக்கு கியர் விழாது.

"எடுங்க," என்றாள்.

எடுத்தார். டிப்போ வாசலில் இருந்த மேடு தெரியாமல் ஏறி இறங்கியது. சிக்னலில் வண்டி நின்றதே தெரியவில்லை. பாலத்தின்மேல் ஏறும்போது அவருக்குள்ளேயே ஒரு பாட்டு ஓடியது.

பாலத்திலிருந்து இறங்கும்போது அது நடந்தது. ஓரமாகப் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் மிதித்த காலோடு அப்படியே நின்றார். மேலே ஒரு காக்கை சிறகை விரித்தபடி தொங்கியது. இன்ஜின் சத்தமே இல்லை. அடுத்த கணம் எல்லாம் ஒருசேரப் பாய்ந்தன. சைக்கிள்காரர் எங்கோ முன்னால் இருந்தார், திருப்பம் மூக்குக்கு நேரே வந்துவிட்டது. குலுக்கல் பிரேக்கை மிதித்தார். பேருந்து தலைமுதல் கால்வரை குலுங்கி நின்றது.

போச்சு. டயர் கிடங்கின் ரப்பர் வாசனை அங்கேயே அவர் மூக்கில் ஏறியது. தன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் விரித்துப் பார்த்தார்.

"அம்மா, சத்தியமா நான் சரியாத்தான் ஓட்டினேன். கண்ணுமுன்னாடி எல்லாமே நின்னு போச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க."

அந்த அம்மாள் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, மேலே கண்ணாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே யாரோ இருப்பதுபோல. பிறகு, தினமும் யாருக்காவது சொல்லும் விஷயத்தைச் சொல்வதுபோல, அலுப்போடு சொன்னாள்:

"உங்க மேல தப்பே இல்ல டிரைவர், உங்களை ஓட்டுறவரு இன்னும் பழைய மெமரியை மாத்தல."