நிப்பாட்டி அண்ணாச்சியின் முன்பக்க பிரேக்

வண்டி வைத்திருக்கிற எல்லாரும் அது எப்படி ஓடும் என்றுதான் பேசுவார்கள். என்ன மைலேஜ், என்ன வேகம், மேட்டில் இழுக்குமா இழுக்காதா. வண்டி எப்படி நிற்கும் என்பதை மட்டுமே வாழ்நாள் முழுக்க யோசித்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில், சிவகாசியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த நிப்பாட்டி அண்ணாச்சிதான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் தபால்காரரே “நிப்பாட்டி வீட்டுக்குத் தபால்” என்றுதான் குரல் கொடுப்பார். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அவர் போர்மேன். நான் காலண்டர் அடிக்கிற பிரஸ் ஒன்றில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம்.

தெருவில் யாராவது புது மோட்டார் சைக்கிள் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினால் எல்லாரும் கலரைப் பார்ப்பார்கள். அண்ணாச்சி முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பார்ப்பார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் வாசலில் நிற்கிற அத்தனை வண்டியின் பிரேக்கையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்கு வருவார். சாப்பாட்டுக்கு நடுவில் எதிர் இலைக்காரரிடம் நிதானமாகச் சொல்வார்: “தம்பி, அந்தப் பச்சை வண்டி உங்களதா? பின் பிரேக் தேஞ்சு போச்சு. பாயாசத்தக் குடிச்சிட்டு உருட்டிக்கிட்டே போங்க.”

தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, உள்ளே பெரியவர்கள் வேலை, சம்பளம், குலம், கோத்திரம் எல்லாம் பேசி முடிக்கும் வரை இவர் வாசலிலேயே நின்றாராம். கடைசியில் உள்ளே வந்து, “பையன் வண்டில ரெண்டு பிரேக்கும் சுத்தமா இருக்கு. கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்” என்றாராம். கொடுத்தார்கள். அந்தப் பெண் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கடவுள் கொடுத்த கார் எது தெரியுமா? நிற்காத கார். கம்பெனி முதலாளி புது வண்டி வாங்கியபோது, இத்தனை வருஷம் உழைத்தவர் என்று தன் பழைய காரை இவருக்குக் கொடுத்துவிட்டார். உருண்டை முதுகோடு, வெள்ளையாக, கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற மாதிரி ஒரு கார். இஞ்சின் பிரமாதம். ஹார்ன் அதைவிட. பிரேக்கை மிதித்தால் மட்டும் அது கொஞ்சம் யோசிக்கும்.

அப்படி அது யோசித்த ஒரு நாள்தான் அண்ணாச்சி வீட்டில் எல்லாம் மாறிப்போனது. விருதுநகரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அவரும் அவர் மனைவி பாக்கியம் மதினியும் போயிருந்தார்கள். பஜார் பக்கம் ஒரு சரிவில் இறங்கும்போது அண்ணாச்சி மிதித்திருக்கிறார். வண்டி போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

“ஏங்க, நிக்கலையே.”

“நிக்கும், நிக்கும்.”

“எங்கன வச்சு நிக்கும்?”

ஒரு கடை முன்னால் அடுக்கியிருந்த கொத்தமல்லி மூட்டைகளில் மெல்லப் போய்ச் சாய்ந்து நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஒரு மூட்டை மட்டும் கிழிந்து, திறந்திருந்த சன்னல் வழியாக மதினி மடியில் மல்லி கொட்டியது.

“பாத்தியா, நின்னுருச்சு” என்றார் அண்ணாச்சி.

“வண்டி நிக்கல. மல்லிதான் நிப்பாட்டுச்சு” என்று சொல்லி, மதினி சேலையை உதறிக்கொண்டு இறங்கி நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தது. அதோடு அந்தக் காரில் ஏறவில்லை.

அதன் பிறகு எங்கள் தெரு பார்த்த காட்சியை வேறு எந்தத் தெருவும் பார்த்திருக்காது. மதினிக்கு இருக்கன்குடி மாரியம்மன் மேல் அப்படி ஒரு பக்தி. மாதம் ஒரு வெள்ளிக்கிழமையாவது போயாக வேண்டும். மதினி பஸ்ஸில் போகும். பஸ்ஸுக்குப் பின்னால், ரொம்பத் தள்ளி, காலிக் காரை ஓட்டிக்கொண்டு அண்ணாச்சி போவார். பஸ் நிற்கிற ஸ்டாப்பில் எல்லாம் அவரும் நிற்பார். சாத்தூரில் மதினி பஸ் மாறினால் அவரும் அடுத்த பஸ்ஸுக்குப் பின்னால் போவார். கோவிலில் இருவரும் சேர்ந்து சாமி கும்பிடுவார்கள். திரும்பும்போது பழையபடி மதினி பஸ், அண்ணாச்சி கார்.

“ஏன் அண்ணாச்சி, நீங்களும் பஸ்லயே போயிரலாமே” என்று கேட்டேன்.

“ஒருவேளை பாதி வழியில மனசு மாறி இறங்குனான்னா? வண்டி இருக்கணும்ல தம்பி.”

மனசு மாறவில்லை. ஒரு வருஷம் அப்படியே ஓடியது. தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்த சமயம், ஒரு நாள் அண்ணாச்சி என் வீட்டு வாசலுக்கு வந்து, “தம்பி, இப்ப இருக்கிற டிரம் பிரேக்க கழத்திட்டு முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் மாட்டப் போறேன்” என்றார்.

“என்ன வித்தியாசம் அண்ணாச்சி?”

“ஓடுறவன் தோள்ல கையப் போட்டு, நில்லப்பான்னு சொல்றது டிரம்மு. ரெண்டு காதையும் சேத்துப் பிடிச்சு நிப்பாட்டுறது டிஸ்க்கு.”

இதே காரின் பிற்பாடு வந்த மாடலில் டிஸ்க் உண்டாம். அடிபட்டு உடைக்க வந்த ஒன்று மதுரையில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அதன் முன்பக்கச் சாமான் அத்தனையையும் வாங்கப் போனார். பழைய பிரேக்கை நம்பி அவ்வளவு தூரம் ஓட்டக் கூடாது என்று பஸ்ஸில்தான் போனார். திரும்பும்போது இரண்டு இரும்புத் தட்டையும் துண்டில் சுற்றி, பிள்ளையை வைத்திருப்பது போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். கண்டக்டர் என்ன அது என்று கேட்டதற்கு “பிரேக்கு” என்று சொல்ல, அவர் “எங்க பஸ்லயே இருக்கு, பயப்படாம வாங்க” என்றாராம்.

“மெக்கானிக்கிட்ட விட்டா ஒரே நாள்ல மாட்டிருவானே” என்றேன்.

“மாட்டிருவான். ஆனா அவன் வீட்டம்மாவா தம்பி இதுல உக்காரப் போகுது?”

அவரே கொஞ்ச நேரம் கழித்து, வேறு எதையோ சொல்வது மாதிரிச் சொன்னார். “எங்க கம்பெனில ஒண்ணு பத்திக்கிருச்சுன்னா யாராலயும் நிப்பாட்ட முடியாது தம்பி. பாத்துருக்கேன். நிப்பாட்ட முடியிறதையாவது ஒழுங்கா நிப்பாட்டணும்ல.” சிரிக்காமல் அவர் சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே வேலை ஆரம்பமானது. ஜாக்கியை நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. வண்டியைத் தூக்கி, அடியில் பெரிய மரக்கட்டைகள், போதாததற்குக் கொல்லையிலிருந்து துணி துவைக்கிற கல். மதினி அழுக்குத்துணி வாளியோடு வந்து, கல் போன இடத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனது.

சக்கரம் கழன்றது. டிரம் கழன்றது. அதன் இடத்தில் புதுத் தட்டும், தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் ஏறின. பிரேக் ஆயில் குழாயைக் கழற்றியபோது முன் மட்காட்டில் கொஞ்சம் சிந்தி, அந்த இடத்தில் வெள்ளை பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. “அழகு எதுக்கு” என்று துடைத்துவிட்டார்.

கடைசி வேலை, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. காற்று இருந்தால் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், இன்னொருவர் காலிப்பரில் உள்ள சின்னத் திருகாணியில் ரப்பர் குழாய் மாட்டி, அதன் நுனியை ஆயில் பாட்டிலுக்குள் விட்டு, திருகாணியைத் திறந்து மூட வேண்டும். மிதிக்கிறவன் நான்.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“பிடி. விட்டுராத.”

“பிடிச்சிருக்கேன்.”

“இப்ப விடு.”

இந்த “விடு, விடு” தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் பால்காரரோடு தண்ணிப் பாலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், பெரியவர் யாரோ தன்னைத்தான் சமாதானப்படுத்துகிறார் என்று நினைத்து, “சரி, உங்களுக்காக விடுறேன்” என்று உள்ளே போய்விட்டார்.

எங்களுக்கு மட்டும் காரியம் ஆகவில்லை. மிதிக்க மிதிக்க பஞ்சுதான். ஆயில் வந்தது, கொஞ்சம் குமிழும் வந்தது, கெட்டிப்படவே இல்லை. மத்தியானம் ஆகிவிட்டது. அண்ணாச்சி முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. முனைக்கடையில் ஆளுக்கொரு சோடா வாங்கி வந்தேன்.

தன் சோடாவை அவர் குடிக்கவில்லை. பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். பிறகு அதை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டுக் காருக்குப் பக்கத்தில் படுத்து, காலிப்பரை ஒருமுறை பார்த்தார்.

“தம்பி, காத்து மேலதான போகுது?”

“ஆமா அண்ணாச்சி.”

“திருகாணி கீழ இருக்கு.”

இடது பக்கத்துக் காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருந்தார். அதனால் காற்றுக்கான வாசல் அடிப்பக்கம் போய்விட்டது. காற்று மேலே போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. காலை முழுக்க நாங்கள் கும்பிட்டது கதவில்லாத பக்கத்தை.

இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினார். மறுபடி மிதிக்க உட்கார்ந்தபோது என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அவர் திருகாணியை மூடுவதற்கு முன்பே காலை எடுத்தேன். காற்று மறுபடி உள்ளே போனது. மறுபடியும் எடுத்தேன்.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மதினி வந்து கார்க் கதவைத் திறந்தது.

“நீங்க இறங்குங்க தம்பி. சொல்றதுக்கு முந்தி காலத் தூக்கிர்றீக.”

நான் இறங்கினேன். மதினி சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது. அண்ணாச்சி தரையில் படுத்தபடி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. பேசினால் மதினிக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயம்.

“மிதி, பாக்கியம்” என்றார், மிக மெதுவாக.

ஊர்த்துணியெல்லாம் தைத்து, தையல் மெஷின் மிதித்துப் பழகிய கால். மிதித்தது, பிடித்தது, சொன்னபோது மட்டும் விட்டது. ஆயில் பாட்டிலில் குமிழ் குமிழாக வந்து, குறைந்து, நின்றேபோனது. அந்தப் பக்கமும் அப்படியே.

“கெட்டியாயிருச்சுங்க. கல்லு மேல கால வச்ச மாதிரி இருக்கு” என்றது மதினி.

சாயங்காலம் ஊருக்கு வெளியே ஆளில்லாத பொட்டலில் நானும் அவரும் ஓட்டிப் பார்த்தோம். முதலில் உருட்டி, பிறகு கொஞ்சம் வேகமாக. ஒவ்வொரு தடவையும் மிதித்த இடத்தில் நின்றது. கடைசித் தடவை என் மூக்குக்கண்ணாடி பறந்து டாஷ்போர்டில் விழுந்தது. அண்ணாச்சி இறங்கி, சக்கரத்தைச் சுற்றிவந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத்தான் துடைத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த வாரம் வியாழக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டே, “நாளைக்கு இருக்கன்குடி போகணும்” என்றது.

“பஸ் எத்தன மணிக்கு?” என்றார் அண்ணாச்சி.

“பஸ்ல ஒரே கூட்டமா இருக்கும்.”

துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பின்சீட்டில் நான். போகும்போது மதினி தன் பக்கத்துத் தரையைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தது. சாத்தூர் தாண்டுவதற்குள் பஸ், லாரி, பட்டாசு கம்பெனி வேன், ஒரு சைக்கிள்கூட எங்களை முந்திப் போனது. அண்ணாச்சி அதற்கெல்லாம் கவலைப்படவில்லை.

திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. சன்னல் ஓரமாகத் தலையைச் சாய்த்து மதினி தூங்கிப்போனது. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.

கொஞ்ச தூரத்தில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. வண்டி வேகம் குறைந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. மதினி தலை சாய்ந்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. ஆடுகள் எல்லாம் போய், கடைசியாக மேய்க்கிறவரும் போன பிறகும் அண்ணாச்சி வண்டியை எடுக்காமல் மதினியைப் பார்த்தபடி இருந்தார். எடுங்க அண்ணாச்சி என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.