பால் பாலாகவே இருக்க வேண்டும்

ஆநிரைநாடு என்றொரு தேசம் இருந்தது. அங்கே மனிதர்களைவிட மாடுகள் அதிகம், மாடுகளைவிட அதிகாரிகள் அதிகம். ஐப்பசி பிறந்தால் ஆறு கரை தாண்டிவிடும். பத்துப் பதினைந்து நாள் யாரும் வெளியே இறங்க முடியாது. அதனால் குடிமக்கள் கோடையிலேயே வெண்ணெயை நெய்யாக உருக்கி ஜாடியில் ஊற்றிவைத்தார்கள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்தபின் உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்தார்கள். இப்படிச் செய்யும்படி யாரும் அவர்களுக்கு ஆணையிடவில்லை. அதுதான் சிக்கல்.

சேமிப்பு அமைச்சர் திருமேனிநாதர் ஒருநாள், நான்கு எருமை வளர்த்த செங்கமலத்தின் அடுப்படியை ஆய்வு செய்தார். ஒரு குடம் பாலிலிருந்து ஒரு கிண்ணம் நெய்தான் வந்தது. மீதிப் பால் எங்கே என்று கேட்டார். மோராகிவிட்டது, குடித்துவிட்டோம் என்றாள். அமைச்சர் அதைத் தேசிய இழப்பு என்று குறித்துக்கொண்டார்.

மறுவாரம் மன்னர் மகிழ்மாறனின் ஆணை வந்தது. வீட்டில் உணவு சேமிப்பது அரசின்மேல் அவநம்பிக்கை. இனி பாலைப் பாலாகவே அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். இருந்த நெய்யும் பறிமுதலானது. கிடங்கின் அண்டாக்கள் நிரம்பின. மறுநாளே பால் திரிந்தது. பத்தாம் நாள் புழு நெளிந்தது. உடனே அடுத்த ஆணை: கெட்ட பால் என்று சொல்லக்கூடாது, முதிர்ந்த பால் என்று சொல்ல வேண்டும். கிடங்குக் காவலர்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். மூக்கைப் பொத்துவது ராஜதுரோகம் என்று பதில் வந்தது. அந்த மூக்குகளை வீணாக்காமல், வீடு வீடாக நெய் வாசனை பிடிக்க அனுப்பினார்கள்.

செங்கமலம் ஓர் எருமை சினை, பால் வற்றிவிட்டது என்று பொய் சொல்லி, அதன் பாலை மறைத்தாள். உருக்கும்போது எழும் வாசனையை மறைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மீன்காரர் யாகப்பனிடம் போனாள்.

"அண்ணே, நான் நெய் உருக்கறப்ப நீங்க கருவாடு சுடுங்க. அந்த வாசத்துல இது தெரியாது."

"சுடறேன் தாயி. வெள்ளம் வந்தா எம் பிள்ளைகளுக்கும் ஒரு வாய் குடு."

மோப்பக் காவலர் பதினொரு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு கருவாட்டோடு திருப்தியாகத் திரும்பினார்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. போதிய பால் கையிருப்பில் இருப்பதாகப் படகில் முரசறைந்தார்கள். கிடங்கைத் திறந்ததும் முரசறைந்தவரே மயங்கி விழுந்தார். செங்கமலத்தின் மச்சில் தெருவே ஏறியிருந்தது, நாற்பது பேர். கஞ்சியில் ஆளுக்கு அரைக் கரண்டி நெய். தயிர் உருண்டையைக் கரைத்துக் குழந்தைகளுக்கு மோர். போதாதோ என்ற பயத்தில் அவள் மட்டும் வெறுங்கஞ்சி குடித்தாள். மேலத்தெருவிலிருந்து பசியில் அழும் குரல்கள் கேட்டன. எட்டாம் நாள் அவற்றில் இரண்டு நின்றுபோயின.

நீர் வடிந்ததும் விசாரணைக் குழு கூடி, குற்றம் பாலுடையதே என்று தீர்ப்பளித்தது. மன்னர் பெருந்தன்மையோடு புதுச் சட்டம் தந்தார். மக்கள் இனி வீட்டிலேயே சேமிக்கலாம். ஆகவே வெள்ளத்தில் யார் பசித்தாலும் அரசு பொறுப்பல்ல. காலியான கிடங்கு அமைச்சரின் மைத்துனருக்குப் போனது. உரிமை கிடைத்ததென்று மக்கள் வெடி வெடித்தார்கள்.

அமைச்சர்களுக்குத் தேர்தல் நெருங்கியதால் புதுச் சட்டத்துக்கு விழா எடுத்தார்கள். அரசுக்கு நன்றி சொல்லச் செங்கமலத்தை மேடையேற்றினார்கள்.

"நன்றி சொல்லத்தான் வந்தேன்," என்றாள் அவள். "வெள்ளத்துக்கு. இந்த நாட்டுல வர்றேன்னு சொன்ன மாசத்துல வர்றது அது ஒண்ணுதான். அது வந்தப்புறந்தான் உங்க கிடங்கையும் திறந்தீங்க."

கூட்டம் கைதட்டியது. தட்டல் நிற்கவே இல்லை.

அன்று மாலை அமைச்சரவை அவசரமாகக் கூடியது. இவ்வளவு கைதட்டல் வாங்கிய வெள்ளம் எந்தத் தொகுதியில் நிற்கக்கூடும், கட்சியில் சேர அது என்ன கேட்கும் என்று விசாரித்து அறிக்கை தர, திருமேனிநாதர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள்.