பதினாலாம் நம்பர் ஸ்பேனரும் உன் அக்காவின் ஓவிய வகுப்பும்

அன்பு மைத்துனன் மாப்பிள்ளைக்கு, உன் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் சமையலறைக் குழாயும் தவிர மற்றவை நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கத்தானே செய்வீர்கள்? பற்ற வைத்தவன் என்றைக்கு வெந்திருக்கிறான்!

உன் அக்காவின் பிறந்தநாளுக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்திருக்கலாம். நீ ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டாய். வெறும் ஓவியம் என்றாலும் பரவாயில்லை. பெயின்ட்டோடு கண்ட கண்ட சாமானையும் ஒட்டிச் செய்கிற கலப்பு ஓவியமாம். முதல் நாளே வாத்தியாரம்மா இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்தனுப்பினார். பட்டியல் என்றால் எனக்குக் கை பரபரக்கும் என்பது உனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருஷம் தொழிற்சாலை ஸ்டோரைக் கட்டிக் காத்தவன். நானே கடைக்குப் போனேன். பலகை ஒட்டிய கேன்வாஸ் ஒன்று, அதைத் தட்டிப் பார்த்து எடுத்தேன். அக்ரிலிக் பெயின்ட் ஆறு ட்யூப், மூடி திறந்து மோந்து பார்த்து எடுத்தேன். பிரஷ் மூன்று. சரக்கு வந்தால் சோதிக்காமல் எடுப்பது என் பழக்கமில்லை. ஒவ்வொன்றிலும் முடியை இழுத்துப் பார்த்தேன், ஏழு பிரஷ் தேறவில்லை. கடைக்காரன், "சார், நீங்க பிரஷ் வாங்க வந்தீங்களா, அதுக்கு முடி வெட்ட வந்தீங்களா?" என்று கேட்டான். திமிரைப் பார்.

வம்பு இரண்டாவது பக்கத்தில்தான் இருந்தது. 'வீட்டிலேயே கிடைப்பவை' என்று தலைப்பு. பழைய பித்தான், கிழிந்த துணி, நின்றுபோன கடிகாரம், கடைசியாக 'துருப்பிடித்த இரும்புச் சாமான் நான்கு'. மாப்பிள்ளை, என் வீட்டில் துருவா! குண்டூசி முதல் கேட்டுக் கீல் வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ணெய் காட்டுகிறவன் நான். உன் அக்கா பரண், கட்டிலுக்கு அடி, குளியலறை எல்லாம் துழாவிவிட்டு, "ஒரு வீட்டுல துருப்பிடிச்ச ஆணி ஒண்ணு கூடவா இருக்காது? என்ன மனுஷனோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாசலில் போய் நின்று, "எங்க வீட்டுல துரு இல்ல, உங்ககிட்ட இருந்தா கொஞ்சம் குடுங்க"ன்னு கேட்டிருக்கா. சர்க்கரை இரவல் கேக்குற மாதிரி! அவரும் தாராளமா ஒரு பூட்டு, சைக்கிள் செயின், கத்தரிக்கோல், கதவுக் கீல் எல்லாம் எடுத்துக் குடுத்துட்டார். மனுஷன் வீட்டுல துரு அப்படிக் கொட்டிக் கிடக்கு. இவர் பல்லை எப்படித்தான் சுத்தம் பண்றாரோ.

இவ அதை மேசை மேல வெச்சுட்டுக் குளிக்கப் போனா. இனி நடந்தது என் தப்புன்னு நீயும் சொல்லுவே, சொல்லிக்கோ. நான் சும்மா ஒரு தடவை தேய்ச்சுப் பாக்கலாம்னுதான் உப்புத்தாளை எடுத்தேன். கை நிக்கலடா. மண்ணெண்ணெயில ஊற வெச்சு, தேய்ச்சு, துடைச்சு, எண்ணெய் போட்டு, அவ தலை துவட்டிக்கிட்டு வரும்போது நாலும் பளபளன்னு வரிசையா உக்காந்திருக்கு. பூட்டு திறந்து மூடுது! நான் சந்தோஷமா திறந்து காட்டினேன். அவ பூட்டைப் பாக்கல, என் கருவிப் பெட்டியைப் பாத்தா. அப்பவே நான் பயந்திருக்கணும்.

மூணு நாள் கழிச்சு சமையலறைக் குழாய் ஒழுகுதேன்னு என் பெட்டியைத் திறந்தா, பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். ரெண்டு முனையிலும் வளையம் இருக்குமே, நான் வேலைக்குச் சேந்த முதல் நாள் கையெழுத்துப் போட்டு வாங்கினது, ஓய்வு பெறும்போது முதலாளியே "நீயே வெச்சுக்கப்பா"ன்னு குடுத்தது. குளியலறையில ஒரு வாளியைத் தூக்கினா, அதுக்கடியில பேசின்ல வினிகரும் உப்பும், அதுல என் ஸ்பேனர், செக்கச்செவேல்னு துருப்பிடிச்சுக் கிடக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு மாப்ளே. வெக்கமில்லாமச் சொல்றேன், வந்துடுச்சு.

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"ன்னு கத்தினேன். அவ நிதானமா, "முப்பத்து மூணு வருஷமா அதைத் தினமும் துடைச்சீங்களே, என்னை ஒரு நாள் நிமிந்து பாத்திருக்கீங்களா?"ன்னா. "உனக்குத்தான் துருப்பிடிக்கலியே"ன்னு சொல்லித் தொலைச்சேன். ரெண்டு நாளாப் பேச்சு இல்ல. சாப்பாடு மட்டும் மேசைக்கு வருது, அதுவும் டங்குனு வருது.

இப்ப அந்த ஸ்பேனர் கேன்வாஸ் நடுவுல ஒட்டிக் கிடக்கு. சுத்தி நீலப் பெயின்ட், கீழே என் சட்டைப் பித்தான், ஓரத்துல என் நின்னுபோன கைக்கடிகாரம். வாத்தியாரம்மா "இதுல ஒரு பிடிவாதம் தெரியுது"ன்னு மெச்சினாங்களாம். சனிக்கிழமை நூலக ஹால்ல கண்காட்சி. அதுக்குள்ள நீ வந்து, உன் அக்காகிட்ட நல்லவிதமாப் பேசி, ஸ்பேனரைப் பேத்து என் கையில குடுக்கணும். தேய்ச்சு எடுத்துடுவேன். நீ சொன்னா கேப்பா. இதுக்கு மேல நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டுக் கீல்கள் கிறீச்சிடாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
சொந்த வீட்டில் சரக்கு பறிகொடுத்த உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் இன்னொரு சங்கதி. உன்னை நம்பி இருப்பானேன் என்று நானே ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு, இன்று காலை அவள் வெளியே போன நேரம் பார்த்துப் படத்தைத் திருப்பினேன். பின்னால் அவள் கையெழுத்தில் தலைப்பு: 'எங்க வீட்டுக்காரர்'. திருப்புளியைக் கீழே வெச்சுட்டேன். அப்புறம் பாத்தா, ஸ்பேனர் ஒரு பக்கம் தொங்குது. பசையாம் பசை! அந்தக் கனத்துக்குப் பசை எத்தனை நாள் தாங்கும்? சனிக்கிழமை நாலு பேர் முன்னாடி விழுந்தா அவ முகம் என்ன ஆகும்? ரெண்டு வளையத்துக்குள்ளயும் துளை போட்டு, வாஷர் வெச்சு, போல்ட் விட்டு, பின்னால நட்டு போட்டு குறடால பல்லைக் கடிச்சு முறுக்கிட்டேன். இனி பூமி அதிர்ந்தாலும் அசையாது. அதனால நீ பேசவெல்லாம் வேண்டாம். சனிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்து பாரு, போதும். துருவையும் நான் தொடல. குழாய்க்கு அடியில வாளி வெச்சிருக்கேன். ஸ்பேனரைத் திருப்பி எடுக்கலாம்னு நீ யோசனை சொல்லாதே, முடியாது: பின்னால போட்ட நட்டைக் கழட்டவும் அதே பதினாலாம் நம்பர் ஸ்பேனர்தான் வேணும்.