மழை குடித்த மாளிகை

மழையைப் பொழிவிப்பது இறைவனின் திருவருள். பொழிந்ததைச் சேமித்துச் சான்றிதழ் பெறுவது கட்டட நிறுவனத்தின் திருப்பணி. இவ்வுண்மையை ஜகார்த்தா மாநகருக்கு உணர்த்தவே முப்பது மாடி அலுவலகக் கோபுரம் ஒன்று எங்கள் சாலையில் எழுந்தருளியது. கழிப்பறை முதல் குளிரூட்டி வரை அது மழைநீரையே பருகும் என்றார்கள். பசுமை என்பதால் வாடகை கூடுதல். பெருமை கருதி நாங்களும் ஆறாம் மாடியில் இடம் பிடித்தோம்.

அதை எழுப்பியவர் இபு விந்தார்த்தி. (இவ்வூரில் பெண்களுக்கு 'இபு', ஆண்களுக்கு 'பாக்' என்பது மரியாதை அடைமொழி.) தலைக்கவசமும் சேறுமாகத் தொடங்கித் துணை இயக்குநராக உயர்ந்த பெண்மணி. பசுமைக் கட்டடத்துக்கான பிளாட்டினச் சான்றிதழ் கிடைத்தால் அவர் தலைமை இயக்குநர். தவறினால் முதலாளியின் மருமகன்.

சான்றிதழுக்கான சோதனையும் திறப்பு விழாவும் ஒரே நாளில். முந்திய நாள் காலை மழைநீர்த் தொட்டியைத் திறந்தார்கள். அடியில் ஒரு பல்லி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"ஜனவரி மாசம்! ஊரே மிதக்குது. நம்ம கூரையில மட்டும் எப்படிய்யா ஒரு சொட்டு விழல?" என்று அலறினார் விந்தார்த்தி.

உதவியாளர் பாக் சுகெங் பணிவுடன் மேலே கைகாட்டினார். கூரை மூலையில் ஒரு துடைப்பம். அதன் குச்சிகளில் மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தப்பட்டிருந்தன. அருகே கிராம்புச் சிகரெட்டோடு பாக் கார்யோ, மழை தடுப்பவர். கான்கிரீட் வார்ப்புக்கும் விழாவுக்கும் அவரைப் போன்றவரை அமர்த்தாத நிறுவனம் இந்நகரில் அரிது.

"நீங்கதானே இபு கையெழுத்துப் போட்டீங்க? விழா முடியற வரைக்கும் ஒரு துளி விழக் கூடாதுன்னு."

விந்தார்த்தி கூரைக்கு ஓடினார். "பாக் கார்யோ, ஒரு மணி நேரம் விட்டுப் பிடிங்களேன்!"

"மழை என்ன உங்க வீட்டுக் குழாயா, தாயி? இன்னிக்குப் பெஞ்சா என் பேரு கெட்டுப்போயிடும்."

"நான்தானே சொல்றேன், வரவழைங்க!"

"வரவழைக்கறது வேற வேலை. மூணு பேர்கிட்ட விலை கேக்கணும்னு உங்க ஆபீசு சட்டம்."

"மத்த ரெண்டு பேரு யாரு?"

"என் தம்பி. அப்புறம் என் மாப்பிள்ளை."

ஆகவே தண்ணீர் லாரிகள் வந்தன. பின்தெருக் குடியிருப்பின் ஆழ்குழாய்க் கிணறுகள் அனைத்தும் அன்று மாலைக்குள் எங்கள் தொட்டிக்குக் குடிபெயர்ந்தன.

மறுநாள் சோதனை அதிகாரி பாக் சிலாலாஹி குனிந்து பார்த்தார். "இது மழைத் தண்ணியா?"

"நிலத்தடித் தண்ணி எதுலேருந்து வந்துச்சு, பாக்?" என்றார் விந்தார்த்தி.

"மழையிலேருந்து."

"அப்புறம் என்ன?"

அதிகாரி கண்மூடிச் சிந்தித்தார். "அப்போ இது பழைய மழை. மறுபயன்பாடு! புது மழைய விட மார்க்கு ஜாஸ்தியாச்சே. முன்னாடியே சொல்லக் கூடாதா?"

பிளாட்டினம் கிடைத்தது. விழாவுக்கு வந்த துணை அமைச்சர் இவ்வூர் வழக்கப்படி மஞ்சள் சோற்றுக் கூம்பின் நுனியை வெட்டி, புதிய தலைமை இயக்குநரான விந்தார்த்திக்கு ஊட்டினார். விழா முடிந்தது; ஒப்பந்தமும் முடிந்தது. பாக் கார்யோ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். வானம் கொட்டியது.

தளும்ப நின்ற தொட்டியில் ஒரு குவளைக்கும் இடமில்லை. கூரைநீர் முழுவதும் வாசலில் இறங்க, முழங்கால் நீரில் நின்றபடியே நாங்கள் அனைவரும் சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டோம். தலைமை இயக்குநர் தம் முதல் ஆணையைப் பிறப்பித்தார்: பாக் கார்யோ இன்று முதல் நீர் மேலாண்மைப் பிரிவின் நிரந்தர ஆலோசகர். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

அந்நேரம் கிணறு வற்றிய பின்தெரு மக்கள் குடங்களோடு வந்து, எங்கள் காலடி வெள்ளத்தை மொண்டு செல்லலாயினர். பாக் சிலாலாஹி மனம் நெகிழ்ந்து பேனாவைத் திறந்தார்.

"அக்கம்பக்கத்துக்குத் தண்ணி தானம். இதுக்குத் தனியா ரெண்டு மார்க்கு."