குட்டிக் காடும் உத்தியோகக் கிடாயும்

அரசாங்கம் ஒன்றைக் காப்பாற்ற வெளிக்கிட்டால் அந்த ஒன்று கொஞ்சம் பயப்படத்தான் வேணும். அறுபத்தெட்டாம் ஆண்டில் எங்கள் நெடுந்தீவுக் கல்லுவெளிக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது.

கொழும்பிலிருந்து வந்த பாலசிங்கம் என்ற உத்தியோகத்தர், கல்லிடுக்கில் நாலு விரல் உயரத்தில் நின்ற பற்றைகளைக் குனிந்து பார்த்தார். வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அசையாத செடிகள். "இது அபூர்வமான குட்டிக் காடு!" என்றார். முள்ளுக்கம்பி வந்தது. பலகையும் வந்தது: "ஆடுமாடுகள் பிரவேசித்தல் தண்டனைக்குரியது."

பிள்ளைகுட்டி இல்லாத செல்லாச்சிக்கு எல்லாமே ஒரு கறுப்புக் கிடாய்தான். அது மேய்ந்தது அங்கேதான்.

"ஐயா, இனி இது எங்கை தின்னுறது?"

"ஆச்சி, அந்த விசயம் என்ரை வேலைக்குள்ளை வராது."

பாவம், அவள் கிடாயை இறைச்சிக்கடைக்காரனுக்கு விலை பேசினாள்.

மாரி பெய்தது. மேய ஆளில்லாத குட்டிக் காடு இடுப்பளவுக்கு எழும்பி நின்றது. அந்த நேரம் பார்த்து, குட்டிக் காட்டைப் பார்வையிடக் கொழும்பிலிருந்து பெரியவர் வருகிறார் என்று தந்தி வந்தது.

கிடாயை இறைச்சிக்கடைக்காரனிடம் குடுக்கத் துறைக்குக் கொண்டுபோன செல்லாச்சியைப் பாலசிங்கம் கம்பி வேலியடியில் வழிமறித்தார்.

"ஆச்சி, முந்தி இது என்னெண்டு குள்ளமாய் நிண்டது?"

"எனக்கென்ன தெரியும்? கிடாயைக் கேளுங்கோ."

கிடாய் கம்பிக்குள்ளால் தலையை நீட்டி ஒரு வாய் கடித்தது. ஐயாவுக்குப் புத்தி வெளித்தது.

"விக்காதேங்கோ! உள்ளுக்கு விடுங்கோ!"

"ஆடு போனால் தண்டனை எண்டு எழுதிக் கிடக்கே?"

ஐயா யோசித்தார். "ஆடு போக ஏலாது. உத்தியோகத்தர் போகலாம்."

அன்றே கிடாய் "தற்காலிகக் கத்தரிப்பு உதவியாளர்" ஆனது. பெரியவர் வந்தபோது காடு நாலு விரல் உயரத்தில் நின்றது. அவர் மனம் குளிர்ந்து உதவியாளரை நிரந்தரமாக்கிவிட்டுப் போனார்.

நிரந்தரமான நாளிலிருந்து கிடாய் வேலைக்கு வாய் வைக்கவில்லை. பலகை நிழலில் படுத்து அசைபோட்டது. மேய்வதற்கு உதவிக்கு இன்னொரு ஆடு எடுத்தார்கள்.

ஊர் சிரித்தது என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த கிழமை செல்லாச்சி வீட்டுப் படலை வாசலில், மறியாடுகளை, அதுதான் குட்டி போடாத பெட்டையாடுகளை, பிடித்துக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது. நானும் நின்றேன்.

"தம்பி," என்றாள் செல்லாச்சி, "அரசாங்க மாப்பிளை. பென்சனும் இருக்கு. உங்கடை மறிக்கு என்ன குடுப்பியள்?"

"ரெண்டு கட்டுப் பூவரசங்குழை. நல்ல பச்சை இலை."

"உங்களுக்கு முன்னாலை நிண்ட தம்பிராசா மூண்டு எண்டவர்."

மறியை அவள் வேலியிலேயே கட்டிவிட்டு, நாலாவது கட்டும் சேர்த்து வெட்ட ஓடினேன்.